பொருள்: ‘ஒரு கோப்பைக்கு இத்தனை கிராம்’ – ஒற்றைச் சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். அடுமனைப் பயிற்சி நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கோப்பைக் கணக்கைக் கிராமுக்கு மாற்றும் அட்டவணை ஒன்று இருக்கிறது: மைதா 120, சர்க்கரை 200, வெண்ணெய் 227, தேன் 340. இந்த வரிசையின் தலைப்புக்குச் சொல் கிடைக்கவில்லை. ‘அடர்த்தி’ என்று போட மனம் ஒப்பவில்லை. துகள்களுக்கு இடையில் கிடக்கும் காற்றையும் சேர்த்து அளந்த கணக்கல்லவா இது?

தமிழாசிரியர்:
எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நன்னூலார் அளவையை நான்காக வகுத்தார். முகந்ததை எடையாக்குவதே இங்கே வேலை. ஆகவே ‘முகவெடை’. முகந்த, முகக்கின்ற, முகக்கும் எடை என விரியும் வினைத்தொகை. வகர உடம்படுமெய்யும் முறைப்படி வந்திருக்கிறது. ‘அளவிற்கும் நிறையிற்கும் மொழிமுத லாகி’ என்ற தொல்காப்பிய நூற்பாவையும் பாருங்கள். அளவுப்பெயரும் நிறைப்பெயரும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்ற ஒன்பதில்தான் தொடங்கும். கிராம் ககரத்தில் தப்பிவிட்டது, அவுன்சும் அகரத்தில் ஒதுங்கிக்கொண்டது. லிட்டருக்குத்தான் இடமில்லை.

இயற்பியல் ஆசிரியர்:
முகவெடையைப் படிக்கும் மாணவன் முகத்தின் எடை என்றுதான் நினைப்பான். அதோடு, கிராம் நிறையின் அலகு, எடைக்கு நியூட்டன். ‘கொள்நிறை’ எனலாம்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
ஐயா, நீங்கள் நிறை என்பது எங்கள் பாடநூல்களில் திணிவு. நாங்கள் நிறை என்பது உங்கள் எடை. ‘கொள்நிறை’ என்று அச்சிட்டால் எங்கள் பிள்ளைகள் நியூட்டனில் விடை எழுதுவார்கள்.

அடுமனைப் பயிற்றுநர்:
பெரியவர்கள் மன்னிக்கவேண்டும். மாவைக் கரண்டியால் கோப்பையில் இட்டு, கத்தியின் முதுகால் தலை தட்டினால் 120 கிராம். அதே கோப்பையை மாவுக்குள் அமுக்கி முகந்தால் 140ஐத் தாண்டிவிடும். கேக் வறண்டு வெடிக்கும். ‘ஆழ அமுக்கி முகக்கினும்’ நாழி நானாழி முகவாது என்றது கடல்நீருக்குப் பொருந்தும், மாவுக்குப் பொருந்தாது! கோப்பையும் ஒன்றல்ல: அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலிட்டர், மெட்ரிக் கோப்பை 250, ஜப்பானியக் கோப்பை 200. எந்தக் கோப்பை, எப்படி நிரப்பியது என்ற இரண்டும் தலைப்பில் இருந்தால் போதும். ‘தலைதட்டி’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தமிழாசிரியர்:
‘தலைதட்டி’ அருமை, ஏற்கிறேன். ஆனால் ‘கோப்பை’ போர்த்துகீசிய வழி வந்தது என்பார்கள். ‘குவளை’ என்று திருத்துக.

இயற்பியல் ஆசிரியர்:
குவளை பூவும் ஆகுமே, ஐயா. ஒரு குவளை மாவு என்றால் எதை அளப்பது? நூல் முழுக்கக் கோப்பை என்று இருக்கும்போது அட்டவணையில் மட்டும் பூப் பூக்கவேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
‘தலைதட்டி’க்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. இந்தக் குழுவில் இப்படி நடந்து நெடுநாளாயிற்று! மற்றதில் பெரும்பான்மை ஒருவழியாக ‘எடை’ பக்கம் சாய்ந்திருக்கிறது. ‘தலைதட்டிய ஒரு கோப்பையின் எடை (கிராம்)’ என்று போட்டு, அது 237 மில்லிலிட்டர்க் கோப்பை என்று அடியில் குறித்து அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
‘கோப்பையின் எடை’ என்றால் வெறுங்கோப்பையின் எடையும் ஆகாதோ? முகவெடையில் இந்த மயக்கம் இல்லை. அடுத்த பதிப்பிலாவது பரிசீலிக்க.

இயற்பியல் ஆசிரியர்:
அலகு கிராம் என்றிருக்கும்வரை ‘எடை’யை நான் ஏற்கவில்லை. என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
எங்கள் பதிப்புக்குத் ‘திணிவு’ என்று மாற்ற எவரிடம் கேட்கவேண்டும்?