ஆனந்த் மீண்டாரா, இல்லையா?

சதுரங்கக்கிறுக்கன்:
2013 நவம்பரில் சொந்த ஊரான சென்னையிலேயே நார்வே வீரர் கார்ல்சனிடம் உலக செஸ் பட்டத்தை இழந்தார் ஆனந்த். 6.5 - 3.5. பத்து ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை; அந்த 3.5 புள்ளியும் டிராவுக்குக் கிடைத்த அரை அரைப் புள்ளிதான். வயது 44 ஆகப்போகிறது, ஆள் அவ்வளவுதான் என்றார்கள். நாலே மாதத்தில் ரஷ்யாவில், உலக சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று முடிவுசெய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியை ஒரு ஆட்டமும் தோற்காமல் ஜெயித்து, மறுபடி அதே கார்ல்சன் எதிரே போய் உட்கார்ந்தார். விழுந்தவர் எழுந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மேலமாசிவீதி:
உட்கார்ந்தார், சரி. அப்புறம்? 2014 நவம்பர், சோச்சி, 6.5 - 4.5. மறுபடி தோல்வி. அந்தப் பட்டம் அவரிடம் திரும்பவே இல்லை. நம்ம ஆள் என்பதால் இதற்கு மீட்சி என்று பெயர் வைக்கிறோம்.

சதுரங்கக்கிறுக்கன்:
சென்னையில் ஒன்பதாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? பிஷப் போக வேண்டிய கட்டத்தில் குதிரையை வைத்தார். கார்ல்சன் ராணியை ஒருமுறை நகர்த்தினார், ஆட்டம் முடிந்தது. உலகமே பார்க்க அப்படியொரு பிழை செய்தவர் மறுபடி காயைத் தொட்டாரே, அதைத்தான் சொல்கிறேன். பட்டம் வந்ததா என்பது வேறு கணக்கு.

அம்மாவும்ஆட்டமும்:
நடுவே வருகிறேன், மன்னிக்கவும். என் மகன் மாவட்டப் போட்டியில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டான். மூன்று வாரமாக போர்டைத் தொடவில்லை. வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் 'ஆனந்தைப் பார்' என்கிறார்கள். கேண்டிடேட்ஸில் ஆடலாமா என்று ஆனந்தே தயங்கியபோது, ஆடச் சொல்லி வற்புறுத்தியவர் ரஷ்ய வீரர் கிராம்னிக். 2008 உலகப் பட்டப் போட்டியில் ஆனந்திடம் தோற்றவர்! என் பையனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அவன் தோற்றதும் பயிற்சியாளர் அடுத்த பையனிடம் போய்விட்டார்.

மேலமாசிவீதி:
அக்கா சொல்வதுதான் சரி. கிறுக்கரே, நீங்கள் 2017 ரியாத்தைச் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். 48 வயதில் உலக ரேபிட் (குறைந்த நேர வேக செஸ்) பட்டம், நடுவில் கார்ல்சனையும் வீழ்த்தினார்.

சதுரங்கக்கிறுக்கன்:
பட்டம் வந்ததால்தானே ஒத்துக்கொள்கிறீர்கள்? ரியாத்தில் தோற்றிருந்தால்?

மேலமாசிவீதி:
யோசிக்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் சோச்சியை வெற்றிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அம்மாவும்ஆட்டமும்:
நீங்கள் தொடருங்கள். நேற்று ராத்திரி அவனாகவே நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டை எடுத்துவைத்து அந்த ஆட்டத்தை அடுக்கிப் பார்த்தான். இருபதாவது நகர்த்தலில் 'சே' என்று ஒரு சத்தம். நான் அடுப்படியை விட்டு வரவில்லை.