ஸ்கிரிப்ட் அனுப்பும் மெயிலில் அனுப்புநர் சிக்கல்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கருவேலம்:

நண்பர்களே, நான் பார்க்கும் வேலையில் பெரும்பங்கு, யாரோ எழுதிவிட்டுப் போன பழைய வெப்சைட்டுகளைப் பராமரிப்பது. அதில் ஓயாமல் வரும் புகார் இது: மெயிலைத் தானாக அனுப்பும் ஸ்கிரிப்டில், அதாவது சின்ன நிரலில், அனுப்புநர் முகவரி சரியாக இருக்கிறது, ஆனாலும் மெயில் வேறு பெயரில் போகிறது, இல்லாவிட்டால் போய்ச் சேருவதே இல்லை. நான் பார்த்த ஒன்றை முதலில் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். ரிப்போர்ட் தயாரானதும் நோயாளிக்கு மெயில் போக வேண்டும். பலருக்குப் போகவில்லை. அவர்கள் போன் செய்து கேட்கும்போதுதான் கூடத்துக்கே தெரிகிறது. வெப்சைட் எழுதும் மொழியான பிஎச்பியின் மெயில் ஃபங்ஷன், சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகை ஓடும் சர்வர். ஃப்ரம் ஹெடரில், அதாவது மெயிலின் தலைப்பில் அனுப்புநரைச் சொல்லும் வரியில், கூடத்தின் முகவரி கச்சிதமாக இருந்தது. எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன், ஜிமெயிலில் எல்லா ஹெடர்களையும் காட்டும் 'ஷோ ஒரிஜினல்' திறந்தேன். சேராத மெயில் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும் ரிட்டர்ன் பாத் வரியில், வெப் சர்வரின் பயனர் பெயரான 'அப்பாச்சி', அட் குறி, அப்புறம் சர்வரின் ஹோஸ்ட் பெயர்.

ஒரு மெயிலுக்கு அனுப்புநர் இரண்டு. கடிதத்தின் உள்ளே எழுதும் பெயர் ஒன்று, உறையின் மேல் எழுதும் பெயர் இன்னொன்று. நாம் கண்ணால் பார்ப்பது ஃப்ரம் ஹெடர். சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது 'மெயில் ஃப்ரம்' என்ற கட்டளையில் சொல்லிக்கொள்வது உறை முகவரி. 1982-இல் வந்த ஆர்எஃப்சி 821, 822 என்ற இணைய விதி ஆவணங்களின் காலத்திலிருந்தே இவை தனித்தனி. சேராத மெயில் திரும்பிப் போவது உறை முகவரிக்கு. ஒரு டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று கேட்கும் எஸ்பிஎஃப் சோதனை பார்ப்பதும் உறை முகவரியின் டொமைனைத்தான், ஃப்ரம் ஹெடரை அல்ல. பிஎச்பியின் மெயில் ஃபங்ஷனுக்கு நான்காவது ஆர்குமென்டாக (உள்ளீடாக) நாம் தரும் ஃப்ரம் ஹெடர் உறை முகவரியைத் தொடுவதே இல்லை. லினக்ஸில் அந்த ஃபங்ஷன், மெயில் அனுப்பும் சென்ட்மெயில் புரோகிராமிடம் வேலையை ஒப்படைக்கிறது. அதுவோ, எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரை உறையில் எழுதிவிடுகிறது.

சரி, திரும்பி வந்த மெயில்கள் எங்கே? சென்ட்ஓஎஸ் போன்ற ரெட் ஹேட் வகை சர்வர்களில், யாருக்கு வரும் மெயில் யாருக்குப் போகும் என்று சொல்லும் ஏலியாஸ் ஃபைலைத் திறந்தால், அப்பாச்சிக்கு வருவதெல்லாம் சர்வரின் தலைமைப் பயனரான ரூட்டுக்குப் போகும்படி எழுதியிருக்கும். ரூட்டின் மெயில் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் அங்கே குவிந்து கிடந்தது. ஜிமெயில் டாட் 'கான்' என்று அடித்தவை, நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனவை, பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பியவை. ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு மனிதர். பட்டியலை எடுத்து வரவேற்பறையில் கொடுத்தேன். அங்கிருந்த அக்கா அன்றே எல்லோருக்கும் போன் போட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் அந்த வேலையிலேயே முக்கியமான பகுதி.

திருத்தம் சின்னது. மெயில் ஃபங்ஷனின் ஐந்தாவது ஆர்குமென்டில், உறை முகவரியைச் சொல்லும் 'மைனஸ் எஃப்' போட்டு, ஒட்டியே கூடத்தின் முகவரி. நிரலில் கை வைக்க முடியாத இடமென்றால், பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் பிஎச்பி ஐஎன்ஐ ஃபைலில் சென்ட்மெயில் பாத் வரியின் கடைசியில் அதையே சேர்க்கலாம். நிஜ சென்ட்மெயில் ஓடும் சர்வரில், இதைச் செய்ததும் 'எக்ஸ் ஆதென்டிகேஷன் வார்னிங்' என்று ஒரு ஹெடர் முளைக்கும். வெப் சர்வர் பயனரை 'டிரஸ்டட் யூசர்ஸ்' ஃபைலில் சேர்த்தால் போய்விடும். சென்ட்மெயிலுக்குப் பதிலாக போஸ்ட்ஃபிக்ஸ் என்ற புரோகிராம் ஓடும் சர்வரில் அந்தத் தொல்லை இல்லை. உறையில் சொந்த டொமைன் வந்தபிறகு, அந்த டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் சர்வரின் ஐபி இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறையப் பேர் இங்கே நின்றுவிடுகிறார்கள்.

வாசகன்_நெல்லை:

அண்ணே, நான் பார்த்தது பெயர்ச் சிக்கல். அதுவும் தமிழ்ப் பெயர்.

ஒரு வாசகர் அமைப்பு மாதாமாதம் மெயில் அனுப்புகிறது. அனுப்புநர் பெயர் 'வாசகர் வட்டம் செய்திமடல்'. போய்ச் சேருகிறது, ஆனால் பெயரில் 'செ' மட்டும் உடைந்து, கறுப்பு டைமண்டில் கேள்விக்குறியும் தனியே தொங்கும் ஒற்றைக் கொம்புமாக வருகிறது. முதல் இரண்டு சொற்களும் நன்றாக இருக்கின்றன.

ஹெடரில் தமிழை அப்படியே போட்டால் பல இடங்களில் சரிப்படாது என்பதால், வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றும் பேஸ்64-இல் சுற்றி, உள்ளே இருக்கும் எழுத்துமுறை 'யுடிஎஃப்-8' என்று முத்திரை குத்தி அனுப்புவது வழக்கம். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 சொல்லும் முறை இது. அதன்படி ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது. முத்திரைக்குப் போக மிஞ்சுவதில் அடங்குவது 45 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. ஆக 15 குறி வந்தாலே துண்டு நிறைந்துவிடும். ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த இடம் கண்ணிலேயே படாது, நமக்கு இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடும்.

அங்கே இருந்த பழைய ஃபங்ஷன் பெயரை 40 பைட்டுக்கு ஒரு தடவை வெட்டியது. 'வாசகர் வட்டம்' நடு இடைவெளியோடு 37 பைட், பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்தால் 38. அடுத்து வரும் 'ச' மூன்று பைட். வெட்டு அதன் நடுவில் விழுந்தது. ஒரு துண்டுக்குள் முழு எழுத்துகள்தான் இருக்க வேண்டும் என்று அந்த ஆர்எஃப்சியே சொல்கிறது. பிஎச்பியின் 'எம்பி என்கோட் மைம்ஹெடர்' பைட் கணக்கில் வெட்டாமல் எழுத்து பார்த்து வெட்டும். அதைப் போட்டதும் பெயர் முழுசாக வந்தது. பைத்தானில் 'ஈமெயில் மெசேஜ்' கிளாஸ் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்று: பெயரை மட்டும் சுற்ற வேண்டும். முகவரியையும் சேர்த்துச் சுற்றினால், மொத்தத்தையும் ஒரே பயனர் பெயர் என்று எடுத்துக்கொண்டு பின்னால் தன் ஹோஸ்ட் பெயரை ஒட்டிவிடும் சர்வர்கள் உண்டு. பெயரில் கமா இருந்தால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு அனுப்புநர் என்று நினைத்துக்கொள்ளும்.

ராத்திரி டூட்டி:

எனக்கு, பேக்கப் பற்றி மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட். லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவில் 'மெயில்' கட்டளைக்கு 'மைனஸ் ஏ' கொடுத்து ஃப்ரம் வரியைச் சேர்த்திருந்தார்கள், வருடக்கணக்கில் நன்றாக ஓடியது. சர்வரை சென்ட்ஓஎஸ்-க்கு மாற்றிய இரவிலிருந்து மெயில் நின்றது. லாகில், ஃப்ரம் வரியை எழுதி 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்ற பிழை. கட்டளை பெயர்தான் ஒன்று, புரோகிராம் வேறு. உபுண்டுவில் இருந்த பிஎஸ்டி வகை மெயில் புரோகிராமில் 'மைனஸ் ஏ' என்றால் ஹெடர் சேர். சென்ட்ஓஎஸ்-இன் மெயில்எக்ஸ் புரோகிராமில் 'மைனஸ் ஏ' என்றால் ஃபைலை இணை. அங்கே அனுப்புநருக்கு 'மைனஸ் ஆர்'. பேக்கப் மெயில் வராமல் போவது சாதாரண விஷயம் இல்லை, சர்வர் மாற்றுபவர்கள் இதை முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

படிவம்:

கருவேலம் சார் சொன்ன உறை விஷயத்தின் மறுபக்கம் ஒன்று. தொடர்புப் படிவங்களில், படிவம் நிரப்பியவரின் முகவரியையே ஃப்ரம் ஹெடரில் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. 'ரிப்ளை' அழுத்தினால் அவருக்கே போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். டிமார்க் என்பது, தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டொமைன் அறிவிக்கும் கொள்கை. 2014 ஏப்ரலில் யாஹூ அதை 'ரிஜெக்ட்' ஆக்கியது, அதே மாதம் இன்னொரு மெயில் நிறுவனமான ஏஓஎல்லும் ஆக்கியது. யாஹூ முகவரி ஃப்ரமில் இருந்து, மெயில் யாஹூவின் வழியாக வராவிட்டால் தள்ளிவிடு என்று பொருள். டிமார்க் பார்ப்பது, ஃப்ரம் ஹெடரில் உள்ள டொமைனோடு எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயிலின் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை) தேறிய டொமைன் ஒத்துப்போகிறதா என்று. ஒரு ஜவுளிக்கடையின் சைட்டில் யாஹூ வாடிக்கையாளர்களின் விசாரணை மட்டும் வராமலே இருந்தது, ஜிமெயில்காரர்களுடையது வந்துகொண்டிருந்தது. ஃப்ரமில் கடையின் முகவரி, 'ரிப்ளை டூ' ஹெடரில் வாடிக்கையாளர் முகவரி என்று மாற்றியதும் தீர்ந்தது.

பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. படிவத்தில் வந்ததை அப்படியே ஹெடரில் ஒட்டினால், அதற்குள் ஒரு புது வரியை நுழைத்து, மறைவான பெறுநர்களுக்கான 'பிசிசி' சேர்த்து உங்கள் சர்வரிலிருந்தே ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பலாம். 'மைனஸ் எஃப்'-இல் ஒட்டினால் இன்னும் மோசம். 2016 டிசம்பரில், மெயில் அனுப்பப் பலரும் பயன்படுத்தும் பிஎச்பிமெயிலர் லைப்ரரியில் வெளியான ஓட்டை இதுதான்: அனுப்புநர் முகவரி வழியாக சென்ட்மெயிலுக்கு வேறு ஆப்ஷன்களைக் கடத்தி, சர்வரில் தங்கள் நிரலையே ஓட்ட முடிந்தது. 5.2.18 வெர்ஷனில் அடைத்தார்கள், அதையும் தாண்டும் வழி கண்டுபிடிக்கப்பட்டு 5.2.20-இல் மறுபடி அடைத்தார்கள். பழைய சைட் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த லைப்ரரியின் வெர்ஷன் எண்ணை.

வாசகன்_நெல்லை:

சார், ஸ்கிரிப்டிலிருந்து ஜிமெயிலின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) வழியாக அனுப்பினால் நான் போட்ட ஃப்ரம் முகவரி மாறி, லாகின் செய்த கணக்கின் முகவரி வருகிறதே, அது ஏன்?

கருவேலம்:

ஜிமெயில் வேண்டுமென்றே செய்வது அது. உங்களுடையது என்று நிரூபிக்காத முகவரியை ஃப்ரமில் விடாது. செட்டிங்ஸில் 'சென்ட் மெயில் ஆஸ்' என்ற இடத்தில் அந்த முகவரியைச் சேர்த்து, அந்த முகவரிக்கு வரும் மெயிலில் உள்ள உறுதி எண்ணைக் கொடுத்து உறுதி செய்யுங்கள், அப்புறம் மாற்றாது. லாகினே ஆகவில்லை என்றால் அது வேறு கதை: 2022 மே மாதக் கடைசியிலிருந்து சாதாரணக் கணக்குகளின் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் ஏற்பதில்லை. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுவிட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். செய்து பார்த்துவிட்டு ரிட்டர்ன் பாத் வரியில் என்ன வருகிறது என்று இங்கேயே எழுதுங்கள் தம்பி.