ஹோமரின் அரெட்டே: ஒடிஸி 17.322-க்கு இணையான வரி இலியட்டில் உண்டா?

வணக்கம். ஹோமரின் இலியட் காவியத்தில் அரெட்டே (‘மேன்மை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்) பெரும்பாலும் செயல்திறன்தான். 20.411-இல் (20-ஆம் காண்டம், 411-ஆம் வரி) டிராய் மன்னன் பிரியமின் கடைசி மகன் பாலிடோரஸ் கால்களின் அரெட்டேயை, அதாவது வேகத்தைக் காட்டப்போய் கிரேக்க வீரன் அக்கிலீஸின் ஈட்டிக்கு இரையாகிறான். 15.642-இல் கிரேக்க வீரன் பெரிஃபெட்டீஸுக்கு ஓட்டம், போர், அறிவு மூன்றிலும் அது உண்டு. 23.276-இல் குதிரைகளுக்கே உண்டு!

ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸி 17.322-இல்தான் சிக்கல். எஜமான் ஒடிசியஸ் இல்லாமல் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஆர்கஸ் நாயைக் காட்டிப் பன்றி மேய்க்கும் அடிமை யூமேயஸ் சொல்கிறான்: அடிமையாகும் நாளிலேயே மனிதனின் அரெட்டேயில் பாதியை ஸீயஸ் பறித்துவிடுகிறார். குறைவது திறனா, கடமையுணர்வா? எஜமான் இல்லாவிட்டால் அடிமைகள் ஒழுங்காக வேலை செய்ய விரும்புவதில்லை என்று முந்தைய இரு வரிகள் சொல்வதால், கடமையுணர்வு என்றே படுகிறது.

இதே சாயலில் இலியட்டில் ஏதாவது வரி இருந்தால் காண்ட எண், வரி எண்ணோடு சொல்லுங்கள். அக்கிலீஸை வளர்த்த முதியவர் பீனிக்ஸ் பேசும் 9.443 வேண்டாம், அங்கே சொல்லாற்றலும் செயலாற்றலும்தான் பேச்சு, அரெட்டே என்ற சொல்லே இல்லை.