மூன்று பொருட்களில் எதை முன்னிறுத்துவது? வழிகாட்டல் தேவை

குழுவிலுள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். மஸ்கெலியாவில் நானும் என் மனைவியும் வீட்டிலேயே முறுக்கும் மிக்சரும் தயாரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். தேயிலையை வாங்கிச் சிறு பைக்கற்றுகளாக்கி விற்கிறோம். ஓடர் வந்தால் விசேஷங்களுக்குப் பலகாரமும் செய்கிறோம். மூன்றும் ஓரளவு ஓடுகின்றன, ஆனால் ஒன்றும் வளரவில்லை.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாக வரும் யாத்திரிகர்களிடம் எதை வைத்தாலும் விற்றுவிடுவதால், எந்தப் பொருளுக்கு உண்மையான கிராக்கி இருக்கிறது என்பதை அந்த விற்பனையைக் கொண்டு கணிக்க முடிவதில்லை. தென்மேல் பருவமழை தொடங்கியபின் தோட்டத்துக் கடைகளை மட்டுமே நம்பியிருக்கிறோம். அங்கே சம்பள நாளை ஒட்டித்தான் பணம் புழங்கும், மற்ற நாட்களில் கொப்பியில் கடன்தான்.

என் மனம் தேயிலைப் பக்கம் சாய்கிறது. திம்புள்ளைப் பகுதித் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்தில்தான் நல்ல மணத்தோடு கிடைக்கிறது. பலகாரத்தைப் போல விரைவில் கெடாததால் கொழும்புக்கும் அனுப்பலாம். ஆயினும் ஒரே பருவத்தில் மொத்தமாக வாங்கிவைக்க முதல் வேண்டும். தேயிலை விற்காத கடையும் இங்கே இல்லை. மனைவியின் கைப்பக்குவமோ முறுக்கில்தான் இருக்கிறது. (அதை அவர் சொல்லவில்லை, வாங்குபவர்கள் சொல்கிறார்கள்.)

பல பொருட்களிலிருந்து ஒன்றுக்கு மாறியவர்கள் எதை அளவுகோலாகக் கொண்டீர்கள், இலாபத்தையா, செலவாகும் நேரத்தையா? மற்றவற்றை உடனே நிறுத்தினீர்களா, படிப்படியாகக் குறைத்தீர்களா? பிரதேச செயலகத்தில் இதற்குத் தமிழில் ஆலோசனை பெற்றவர்கள் இருந்தால், எந்தப் பிரிவை அணுக வேண்டும் என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.