கண்டென்ட் ரைட்டிங் வேலை குறைஞ்சுக்கிட்டே போகுது, முழுநேரமா கதை எழுத இறங்கலாமா?

மைக்கூடு:
ரெண்டு கிளையன்ட் இனிமே ஏஐ வச்சே பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க, மிச்சம் இருக்கறவங்களும் ரேட்டைக் குறைன்னு நச்சரிக்கறாங்க. எப்படியும் கதை எழுதணும்ங்கறதுதான் ஆசை, தமிழ் இங்கிலீஷ் ரெண்டுலயும் எழுதுவேன். இப்ப இறங்கலாமா, இல்ல வேற வேலை பாத்துக்கிட்டு ராத்திரி எழுதறதா? எங்க அனுப்பறது, யாரை நம்பறதுன்னும் சொல்லுங்க ப்ளீஸ்

நடுநிசி எடிட்டர்:
வேலை பாருங்க, அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. யார் எழுதினாலும் ஒண்ணுதான்ங்கற மாதிரி வேலைதான் முதல்ல அடிபடுது. பேட்டி எடுத்து எழுதறது, சட்ட மருத்துவ டாக்குமென்ட், இந்த மாதிரி தப்பு வந்தா ஒருத்தர் பதில் சொல்லியாகணும்ங்கற இடத்துல இன்னும் ஆள் கேக்கறாங்க. மெஷின் மொழிபெயர்ப்பைத் திருத்தற வேலை வந்தா வார்த்தைக்கு இவ்வளவுன்னு ஒத்துக்காதீங்க, மணிக்கணக்குல பேசுங்க, சில பக்கம் புதுசா எழுதறதை விட ஜாஸ்தி நேரம் தின்னுடும்.

வெள்ளைத்தாள்:
இங்கிலீஷ் சிறுகதைக்கு சப்மிஷன் கிரைண்டர்னு ஒரு வெப்சைட் பாருங்க, ஃப்ரீ, எந்தப் பத்திரிகை எவ்வளவு தரும், எத்தனை நாள்ல பதில் வரும்னு எல்லாம் இருக்கும். அதே மாதிரி ட்யுவோட்ரோப்னு இன்னொரு சைட்டும் நல்லதுதான், ஆனா 2013லேர்ந்து காசு கட்டணும். பதிப்பகம்னு சொல்லிக்கிட்டு எவனாவது மெயில் பண்ணினா ரைட்டர் பிவேர்ங்கற சைட்ல பேரைத் தேடிட்டுதான் பதிலே போடணும், 1998லேர்ந்து மோசடிகளைத் தோண்டி எடுத்துப் போடறாங்க. உங்ககிட்ட காசு கேக்கறவன் பதிப்பாளர் இல்ல, அவ்வளவுதான்.
ஏஐக்கு பயந்து அனுப்பாம இருக்காதீங்க. 2023 பிப்ரவரில கிளார்க்ஸ்வேர்ல்ட்ங்கற இங்கிலீஷ் அறிவியல் புனைகதைப் பத்திரிகைக்கு மெஷின் கதையா வந்து குவிஞ்சு சப்மிஷனையே மூடினாங்க, அடுத்த மாசமே திறந்துட்டாங்க, மனுஷன் எழுதினதுதான் அவங்களுக்கு வேணும்.

மைக்கூடு:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். அமேசான் கிண்டில்ல நானே மின்புத்தகமா போட்டா என்ன? விலையில 70 சதவீதம் தராங்கன்னு கேள்விப்பட்டேன்

நடுநிசி எடிட்டர்:
எல்லாத்துக்கும் 70 இல்ல, குறிப்பிட்ட விலைக்குள்ள வச்சாதான், இல்லேன்னா 35. எடிட்டிங், அட்டை, விளம்பரம் எல்லாம் உங்க தலையிலதான். எனக்கென்னமோ முதல் புத்தகத்துக்கு வேண்டாம்னு தோணுது.

வெள்ளைத்தாள்:
இதுல நான் ஒத்துக்க மாட்டேன் சார், தொடர்கதையா எழுதி ஏற்கனவே படிக்கற கூட்டம் இருந்தா முதல் புத்தகத்தையே தாராளமா போடலாம். யாருமே தெரியாம போட்டாதான் கிணத்துல போட்ட கல்லு.

மைக்கூடு:
இன்னொண்ணு, ஒரு ஆப்காரங்க தொடர்கதை கேட்டு அக்ரிமென்ட் அனுப்பியிருக்காங்க, "எல்லா உரிமையும், எல்லா வடிவத்திலும், நிரந்தரமாக"ன்னு போட்டிருக்கு, காசு பரவால்ல. கையெழுத்து போடலாமா?

நடுநிசி எடிட்டர்:
இப்படியே போடாதீங்க. நாளைக்கு அதை யாராவது வெப் சீரிஸ் எடுத்தாலும் உங்களுக்கு ஒரு பைசா வராம போகலாம். ஆப்ல வெளியிடற உரிமை மட்டும், இத்தனை வருஷம், அதுக்கப்புறம் உரிமை திரும்ப எனக்கேன்னு மாத்திக் கேளுங்க. மாத்தித் தரலேன்னா விட்டுடுங்க, அதுவும் உங்க பெஸ்ட் கதைன்னா கண்டிப்பா விடுங்க.