டெர்மினலிலேயே விமானப் பாதை திட்டமிடல்: ஜியோட், ஜியோட்சால்வ், ஏர்வே கோப்புகள்

மேகவழி (கேள்வி)

ஃப்ளைட்கியர் சிமுலேட்டரில் பறப்பதற்கு முன், வரைபட மென்பொருள் ஏதுமின்றி லினக்ஸ் டெர்மினலிலேயே பாதையைத் திட்டமிட விரும்புகிறேன். மடிக்கணினி பழையது, சிமுலேட்டரைத் திறந்துவிட்டால் வேறொன்றையும் அது தாங்குவதில்லை. சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரைக்கு நேர்வழித் தொலைவையும் திசையையும் அறிய, ப்ராஜ் தொகுப்பிலுள்ள ஜியோட், ஜியாகிரஃபிக்லிப் தொகுப்பிலுள்ள ஜியோட்சால்வ் ஆகிய இரு தொலைவு, திசைக் கணக்குக் கருவிகளையும் இயக்கினேன். தொலைவு இரண்டிலும் ஏறத்தாழ 417 கிலோமீட்டர், அதாவது 225 கடல்மைல் என்றே வருகிறது. ஆனால் புறப்படும் திசை மைனஸ் 147 டிகிரி என்று வருவது ஏன்? சேருமிடத்துத் திசை ஒரு கருவியில் மற்றதற்கு நேர் எதிராக இருப்பது ஏன்? அடுத்ததாக, ஏர்வே (வரையறுக்கப்பட்ட வான்வழி) கோப்பிலிருந்து குறுகிய பாதையைத் தேட எவற்றையெல்லாம் இணைத்துக்கொள்வது நல்லது?

திசைமானி

இரண்டு கருவிகளும் சரியாகத்தான் சொல்கின்றன, நண்பரே. திசைக்கோணத்தை அவை மைனஸ் 180 முதல் 180 வரையிலான அளவில் தருவதால், எதிர்க்குறி வந்தால் 360 கூட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு 213 கிடைக்கும், தென்மேற்குத் திசைக்கு அது பொருந்துகிறது. சேருமிடத்தில் ஜியோட் தருவது மதுரையிலிருந்து சென்னையைத் திரும்பிப் பார்க்கும் திசை. ஜியோட்சால்வோ, அதே பாதையில் மதுரையைத் தாண்டி மேலே சென்றால் எந்தப் பக்கம் போவோமோ அதைத் தருகிறது. அதற்கு ‘மைனஸ் பி’ என்ற தெரிவைக் கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஜியோட் விடையை நேராகக் கடல்மைலில் பெற ‘கேஎம்ஐ’ என்ற அலகைக் கேளுங்கள். ‘எம்ஐ’ என்று கொடுத்தால் சாலை மைல் வந்துவிடும், எண் பார்ப்பதற்கு நம்பும்படி இருப்பதால் எளிதில் கண்ணில் படாது.

இந்தத் திசைகள் யாவும் உண்மை வடக்கை ஒட்டியவை. காந்த வடக்குக்கு மாற்ற, ஜியாகிரஃபிக்லிப்பிலேயே ‘மேக்னட்டிக்ஃபீல்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் உலகக் காந்த மாதிரியை அதற்குத் தர வேண்டும். ஆனால் விஓஆர் என்ற தரை வானொலி வழிகாட்டி நிலையத்தின் ரேடியலை, அதாவது அதிலிருந்து வெளிச்செல்லும் திசைக்கோட்டைக் கணக்கிடும்போது இன்றைய காந்த ஒதுக்கத்தை (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணத்தை) பயன்படுத்தக் கூடாது. அந்த நிலையம் கடைசியாகச் சீரமைக்கப்பட்டபோது எந்த ஒதுக்கம் வைக்கப்பட்டதோ அதுவே செல்லும், அது வானொலி நிலையங்களைப் பட்டியலிடும் நேவ் கோப்பில் விஓஆருக்குரிய வரியின் ஏழாவது நிரலில் இருக்கிறது. தென்னிந்தியாவில் ஒதுக்கம் சிறியதென்பதால் வேறுபாடு தெரியாமல் போகலாம், அலாஸ்கா பக்கம் பறந்தால் நன்றாகவே தெரியும்.

ஆக்_அன்பன்

ஏர்வே கோப்பைப் பொறுத்தவரை, அதன் இரண்டாம் வரியின் தொடக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணை முதலில் பாருங்கள். 640 என்றால் ஒவ்வொரு வரியிலும் இரு முனைகளின் பெயரும் ஆயத்தொலைவுகளும் (அட்சரேகை, தீர்க்கரேகை), அதன்பின் தாழ்வழியா உயர்வழியா என்பதற்கு 1 அல்லது 2, கீழ், மேல் உயர எல்லைகள், இறுதியில் ஏர்வேயின் பெயர் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். வரிகளை நிரல் நிரலாகப் பிரிக்கும் ‘ஆக்’ கட்டளை ஒன்றே போதும். ஒரே துண்டைப் பல ஏர்வேக்கள் பகிர்ந்துகொண்டால் பெயர்கள் இடைக்கோட்டால் இணைக்கப்பட்டிருக்கும், அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1100 என்றால் அந்தக் கோப்பில் ஆயத்தொலைவுகளே இருக்காது. ஃபிக்ஸ் (பெயரிட்ட வான்புள்ளிகள்), நேவ் கோப்புகளிலிருந்து அவற்றை எடுத்து ‘ஜாயின்’ கட்டளை கொண்டு சேர்க்க வேண்டும்.

பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் சறுக்குவது இங்கேதான். வேபாயின்ட்டை, அதாவது பாதையின் இடைப்புள்ளியை, அதன் பெயரால் மட்டும் அடையாளம் காணக் கூடாது. விஓஆர், என்டிபி (இன்னொரு வகை வானொலி வழிகாட்டி) நிலையங்களின் இரண்டு மூன்று எழுத்துக் குறியீடுகள் உலகெங்கும் மீண்டும் மீண்டும் வருபவை. பெயரை மட்டும் நம்பினால், வங்காள விரிகுடாவில் இருக்கும் விமானம் அடுத்த துண்டில் தென் அமெரிக்காவில் நிற்கும். ஸ்கிரிப்டும் அதையே குறுக்குவழி என்று பெருமையோடு காட்டும். பழைய பதிப்பில் பெயரையும் ஆயத்தொலைவுகளையும் சேர்த்தும், புதிய பதிப்பில் பெயர், மண்டலக் குறியீடு, வகை ஆகிய மூன்றையும் சேர்த்தும் திறவுகோலாக வையுங்கள். புதிய பதிப்பில் ஒருவழிக் கட்டுப்பாடும் உண்டு: ‘எஃப்’ என்றால் எழுதப்பட்ட வரிசையில் மட்டும், ‘பி’ என்றால் எதிர் வரிசையில் மட்டும், ‘என்’ என்றால் இருபுறமும் பறக்கலாம். தேடலை மட்டும் பைத்தானில் எழுதுவதே என் பரிந்துரை. அதில் ‘ஹீப்க்யூ’ என்ற முன்னுரிமை வரிசை நூலகம் ஆயத்தமாக இருக்கிறது.

மேகவழி

இருவருக்கும் நன்றி. தேடலுக்கு, மிகக் குறுகிய பாதையைக் காணும் டெய்க்ஸ்ட்ரா முறையே போதுமா, சேருமிடத்துக்கான மீதித் தொலைவையும் மதிப்பிட்டுக்கொண்டே தேடும் ஏ-ஸ்டார் தேவைப்படுமா?

திசைமானி

சென்னை–மதுரை போன்ற தொலைவுக்கு டெய்க்ஸ்ட்ரா தாராளமாகப் போதும். கண்டம் தாண்டும் பாதைகளுக்கு ஏ-ஸ்டார் வேகம் தரும். ஆனால் அதன் மதிப்பீடு உண்மைத் தொலைவை ஒருபோதும் மிஞ்சக் கூடாது என்பது நிபந்தனை. துண்டுகளின் நீளத்தை ஜியோட்சால்வ் கொண்டு நீள்கோளத்தில் (துருவங்களில் சற்றே தட்டையான பூமி வடிவில்) அளந்துவிட்டு, மதிப்பீட்டை மட்டும் 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தில் ஹாவர்சைன் சூத்திரத்தால் போடுகிறவர்கள் பலர். உங்கள் எடுத்துக்காட்டிலேயே கோளக் கணக்கு ஏறத்தாழ 418.6 வரும், நீள்கோளக் கணக்கு 417.2 தான். மதிப்பீடு உண்மையை மிஞ்சிவிட்டதால், கிடைப்பது மிகக் குறுகிய பாதைதான் என்ற உறுதி போய்விடுகிறது. இரண்டுக்கும் ஒரே முறையைப் பயன்படுத்துங்கள், அல்லது ஹாவர்சைன் விடையை 0.99 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆக்_அன்பன்

இன்னொன்று. பறக்கவிருக்கும் உயரம் ஏர்வேயின் எல்லைகளுக்குள் வராத துண்டுகளைத் தேடலுக்கு முன்பே ‘ஆக்’ கொண்டு வடிகட்டிவிடுங்கள், பாதி வேலை குறையும். உண்மையான வழிசெலுத்தல் தரவு 28 நாளுக்கொருமுறை மாறுவது. சிமுலேட்டரோடு வரும் கோப்போ பல ஆண்டுகள் பழையதாக இருக்கக்கூடும். ஆகவே இணையத்தில் பார்க்கும் இன்றைய பாதையிலுள்ள பெயரொன்று உங்கள் கோப்பில் கிடைக்கவில்லை என்றால், ஸ்கிரிப்டைக் கிளறுவதற்கு முன் ‘கிரெப்’ என்ற தேடல் கட்டளையைப் போட்டு அந்தப் பெயர் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.