'போல்ட் ஆக்‌ஷன்' ரைஃபிளுக்குத் தமிழ்ப் பெயர்: தாழ்ப்பாள் துப்பாக்கி

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். 'போல்ட் ஆக்‌ஷன்' ரைஃபிளைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> போல்ட் என்றால் மரையாணி. ஆகவே 'மரையாணி இயக்கத் துப்பாக்கி' என்று வைக்கலாமே?

இதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. மரையாணி என்பது திருகி இறுக்கியபின் அசையாமல் கிடப்பது. இந்தத் துப்பாக்கியின் போல்ட்டோ ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் ஓட்டப்படுவது. பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலின் அறைக்குள் போகும். பிடியைக் கீழே மடக்கினால் போல்ட்டின் தலையில் உள்ள பற்கள் எதிரே இருக்கும் பள்ளங்களில் சிக்கி, அறை பூட்டிக்கொள்ளும். மரக்கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தள்ளி, பிடியை மடக்கிவிடும்போது நம் கை செய்வது இதே வேலை. அதனால் போல்ட் என்பது இங்கே தாழ்ப்பாள்தான்.

இன்னொரு நண்பர் 'தாழ்க்கோல்' என்றார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வழக்கில் தாழக்கோல் திறவுகோலைக் குறித்தது. மலையாளத்தில் இன்றும் சாவிக்குத் தாக்கோல் என்றுதான் பெயர். துப்பாக்கிக்குச் சாவிப்பூட்டு தனியாக விற்கிறார்கள் என்பதால் இரண்டும் குழம்பும். வெறும் 'தாழ்' என்று வைத்தால் 'தாழ் இயக்கம்' என்பது மட்டமான இயக்கம் என்று படும்.

'இயக்கம்' என்ற சொல்லே பெயருக்குள் வேண்டாம் என்பேன். இரட்டைக்குழல் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, நாட்டுத் துப்பாக்கி என்று உறுப்பையோ தன்மையையோ முன்னால் வைத்துப் பெயரிடுவது நம் வழக்கம். அதே வழியில் போனால் தாழ்ப்பாள் துப்பாக்கி. லீவர் உள்ளது நெம்புகோல் துப்பாக்கி. பொறியமைப்பைத் தனியாகப் பேச வேண்டிய இடத்தில் மட்டும் 'தாழ்ப்பாள் பொறி' என்போம். தோட்டாவின் நீளத்துக்கு ஏற்ப அது இரண்டு அளவில் வருகிறது. 308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்குக் குட்டைப் பொறி, அதைவிட நீளமான 30-06 தோட்டாவுக்கு நெட்டைப் பொறி.

சொல் நிற்குமா என்று பார்க்க, அதைக் கையில் வைத்திருப்பவர்களின் பேச்சை அந்தச் சொல்லால் எழுதிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மலிவு விலை வேட்டைத் துப்பாக்கி என்றவுடன் பேச்சில் வருவது ரூகர் அமெரிக்கன் என்ற தாழ்ப்பாள் துப்பாக்கி. 2012-இல் 450 டாலருக்குள் பட்டியல் விலை வைத்துச் சந்தைக்கு வந்தது. பென்சில்வேனியா போன்ற மாநிலத்தில் மான் வேட்டைக்கு, சுட்டவுடன் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி ரைஃபிள் நெடுங்காலமாகக் கூடாது என்பதால், முதல் துப்பாக்கி வாங்கும் இளைஞர் பலரும் இந்த வகையில்தான் தேடுகிறார்கள். அவர்கள் பேச்சை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"புதிதில் தாழ்ப்பாள் கரகரவென்று ஓடும், போகப்போக இழைந்துவிடும்."

"தாழ்ப்பாளை எழுப்பக் கை வலுவாக வேண்டியிருக்கிறது."

இரண்டாவது குறைக்குப் பின்னால் ஒரு பொறியியல் காரணம் இருக்கிறது. 1898-ஆம் ஆண்டின் ஜெர்மானிய மவுசரிலும், 1962-இல் வந்த ரெமிங்டன் 700-இலும், இன்றைய சாவேஜ் ஆக்சிஸிலும் முன்பற்கள் இரண்டு. பிடியை 90 பாகை தூக்க வேண்டும். ரூகர் அமெரிக்கனில் பற்கள் மூன்று. 70 பாகை போதும். பிடி குறைவாக எழுவதால் மேலே பூட்டிய தொலைநோக்கியில் விரல் இடிக்காது. ஆனால் பிடியைத் தூக்கும்போதே, தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் சுடுமுள்ளின் வில்சுருளும் அழுத்தப்படுகிறது. அதே வேலையைக் குறைந்த சுற்றில் முடிக்க வேண்டும் என்பதால் கை கூடுதலாக அழுத்தம் கொடுக்கத்தான் வேண்டும். ஆக, அது மலிவுத்தனத்தின் குறை இல்லை, வடிவமைப்பின் விலை. இதைத் தமிழில் விளக்க 'எழுப்புக் கோணம்', 'பூட்டுப்பல்' என்ற இரண்டு சொற்கள் போதுமாயின. 'மரையாணி எழுப்பு' என்று எழுதியிருந்தால் யாருக்கும் ஒன்றும் புரிந்திராது.

உண்மையான மலிவுத்தனம், குழலையும் பொறியையும் தாங்கும் கட்டையில் இருக்கிறது. வார்ப்பு பிளாஸ்டிக், முன்பகுதி உள்ளே கூடாக இருப்பதால் கையால் அழுத்தினாலே வளையும். குழல் கட்டையைத் தொடாமல் நின்றால்தான் ஒவ்வொரு சூட்டிலும் ஒரேமாதிரி அதிரும். இருகால் தாங்கியில் சாய்த்து அழுத்தும்போது கட்டை போய்க் குழலைத் தொட்டுவிட்டால் குண்டுகள் சிதறும். குழல் கட்டையைத் தொடாமல் நிற்கும் அமைப்பை 'மிதக்கும் குழல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எதிலும் மிதக்கவில்லையே. தொடாக்குழல் என்போம். தோட்டாப்பெட்டியும் பிளாஸ்டிக்தான், அதன் கொக்கியைப் பற்றியும் புகார்கள் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் அதை விற்காமல் வைத்திருக்கக் காரணம் குறி தவறாமை. "நல்ல தோட்டா போட்டால் மூன்று குண்டும் ஒரு கலைக்குள் விழுகிறது" என்று சொல்கிறார்கள். ஆம், கலை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குப் புதுச்சொல் தேடிச் சென்ற வாரம் நீண்ட விவாதம் நடந்தது. நம் பஞ்சாங்கக்காரர்களிடம் பாகை, கலை, விகலை என்று ஆயத்தமாக இருக்கிறது. நூறு கஜ தூரத்தில் ஒரு கலை என்பது ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், ஏறக்குறைய 2.66 செ.மீ. வழக்கில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு 'கோண நிமிடம்' என்று புதிதாக ஒட்டுப்போடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

'சுடுகலன்' என்ற பொதுச்சொல்லை முன்வைத்தவருக்கு: எல்லா வகைக்கும் சேர்த்துச் சொல்ல அது நல்ல சொல். ஆனால் துப்பாக்கி துருக்கியச் சொல்வழி வந்தது என்பதற்காக அதை விலக்க வேண்டாம். தாத்தா காலத்திலிருந்து ஊரில் எல்லார் வாயிலும் புழங்கும் சொல் அது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. பொறி கட்டைக்குள் ஆடாமல் உட்காரும் அமைப்பை ஆங்கிலத்தில் பெட்டிங் என்கிறார்கள். ரூகரில் அதற்காகக் கட்டைக்குள் உலோகத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். 'படுக்கை' சரியாக ஒட்டவில்லை. தச்சு வேலை தெரிந்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். ஒரு மரத்துண்டு இன்னொன்றின் குழியில் இம்மியும் ஆடாமல் அமர்வதை உங்கள் பட்டறையில் எப்படிச் சொல்வீர்கள்? 'பொருத்துக்குழி' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.